அழுதால் ஒரு நட்சத்திரம்

சறுக்குமரத்தின் உச்சியிலிருந்து வகுப்புத் தோழனைத் தள்ளிவிட்டு, அவன் கீழே கிடந்து கதறுவதை மழையை வேடிக்கை பார்ப்பது போல நின்று பார்த்தாளே, அந்த ஆறு வயது மைனாவைப் பள்ளிக்கூடம் இன்னும் திரும்பக் கூப்பிடவில்லை. ஓயாமல் பேசுவதால் வந்த பெயர் மைனா. வீட்டில் அடைந்து கிடந்த இந்தச் சில வாரங்களில் பேச்சு இன்னும் கூடியிருந்தது.

வீட்டிலும் இரண்டு மாற்றங்கள். கணவன் கப்பல் வேலைக்குப் போய்விட்டதால், மைனாவின் அத்தை தன் ஒரு வயது மகனைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். இன்னொன்று, ஃப்ரிட்ஜ் கதவில் நட்சத்திர ஸ்டிக்கர்கள் மின்னத் தொடங்கியிருந்தன.

ஸ்டிக்கர், குழந்தைகள் ஆலோசகர் சொல்லிக்கொடுத்த வழி. முதல் நாளே அவர் பொறுமையாக விளக்கியிருந்தார். சண்டை போடுகிற குழந்தைகள் எல்லாரும் ஒரே ரகம் அல்ல. பெரும்பாலானவர்கள் கோபத்தில் அடித்துவிட்டு அப்புறம் முகம் வாடுவார்கள். சிலருக்கு மட்டும் அடுத்தவர் அழுகை காதில் விழும், உள்ளே போய்த் தைக்காது. அவர்களைத் திட்டினாலும் மூலையில் நிறுத்தினாலும் அது சுவரில் எறிந்த பந்துதான். ஆனால் பரிசு என்றால் கண் விரியும். அந்தக் கதவு திறந்திருக்கிறது, அது வழியாக நுழைவோம் என்றார் அவர். பெரியவளானால் இவள் என்ன ஆவாள் என்று கேட்டதற்கு, இந்த வயதில் அதற்குப் பதில் சொல்கிறவரை நம்பாதீர்கள் என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலை. மைனாவின் அம்மா தலை துவட்டிக்கொண்டிருந்தபோது கூடத்தில் உருண்டை வீறிட்டான். நாத்தனார் மகனுக்கு அதுதான் செல்லப் பெயர். கை, கால், கன்னம் எல்லாமே அந்தப் பெயருக்குப் பொருத்தம்.

ஈரத் தலையோடு ஓடிவந்தாள். அதற்குள் மைனா குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அழாதடா செல்லம். அக்கா இருக்கேன்ல?"

கணவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். முகம் பூரித்துப் போயிருந்தது. பார்த்தாயா, பார்த்தாயா என்று மனைவியிடம் கண்ணாலேயே கேட்டபடி ஃப்ரிட்ஜை நோக்கி நடந்தார். ஒரு வாரமாக இப்படித்தான். குழந்தை அழுதால் யாருக்கும் முன்னால் மைனா ஓடுகிறாள், ஊதிவிடுகிறாள், கொஞ்சுகிறாள். கல்லில் நீர் கசிந்துவிட்டது என்று அந்தத் தாயும் நம்பத் தொடங்கியிருந்தாள்.

சமையலறையில் பால் ஆற்றிக்கொண்டிருந்த நாத்தனார் வந்து மகனை வாரியெடுத்தாள். அவன் கையைத் திருப்பிப் பார்த்தாள். சிவந்து கன்றியிருந்தது.

"அண்ணி, இது என்ன?"

"எங்கயாவது இடிச்சிருப்பான்."

"இடிச்சா ரெண்டு விரல் அச்சு எப்படி விழும்?"

"உன் பையன் நாள் பூரா கட்டில் கால்லயும் கதவுலயும் முட்டிக்கறான். எல்லாத்துக்கும் என் பொண்ணுதான் ஜவாப்தாரியா?"

"சறுக்குமரத்துல அந்தப் பையனும் தானாதான் முட்டிக்கிட்டானா?"

அந்த அடி சரியான இடத்தில் விழுந்தது. பதிலுக்கு அவளும் நாக்கைக் கட்டிப்போடவில்லை. தன் பெண் மாறிக்கொண்டு வருவது நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை என்றாள். ஊரெல்லாம் பிசாசு என்று சொல்லி வைத்தாயிற்றே, அது பொய்யாகிவிடுமே என்கிற பயம் என்றாள். சொல்லும்போதே மிகை என்று தெரிந்தது. ஆனாலும் கோபம் சரிவில் விட்ட வண்டி போல ஓடிக்கொண்டிருந்தது.

நாத்தனார் கத்தவில்லை. உள்ளே போய்ப் பெரிய பையை எடுத்து வந்து வாசல் கதவோரம் வைத்தாள். அதில் குழந்தையின் துணிகள் ஏற்கெனவே திணிக்கப்பட்டிருந்தன.

"சாயங்காலத்துக்குள்ள ஒரு முடிவு தெரியணும் அண்ணா. அவ ஹாஸ்டலுக்குப் போறாளா, இல்ல நான் கெளம்பறதா."

அண்ணன் தொண்டையைச் செருமினார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் அவர். பிரேக்கும் கிளட்சும் தன் காலடியிலும் இருக்கிற வண்டியிலேயே உட்கார்ந்து பழகியதால், வீட்டிலும் சத்தமில்லாமல் மிதித்துவிடுகிற பழக்கம் உண்டு.

"நாளைக்குக் காலையில வந்து பாக்கச் சொல்லியிருக்காங்க," என்றார்.

"யாரு?" என்றாள் மனைவி.

"நான் விசாரிச்சு வச்சிருக்கற பள்ளிக்கூட ஹாஸ்டல்ல. பிடிச்சிருந்தா அப்படியே விட்டுட்டும் வரலாம்னாங்க."

துவட்டிக்கொண்டிருந்த துண்டு தரையில் விழுந்தது. தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருபுறம் மகளுக்கு நட்சத்திரம் ஒட்டிக்கொண்டே, மறுபுறம் அவளை அனுப்ப நாள் குறித்திருக்கிறார் இந்த மனுஷன். மைனா மட்டும் எதையும் கவனிக்காமல் ஃப்ரிட்ஜ் கதவில் புது ஸ்டிக்கர் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

காது மெஷின் விற்றுப் பழுது பார்க்கும் கடையில் மைனாவின் அம்மாவுக்குச் சனிக்கிழமை அரை நாள் வேலை. கோபத்தோடு வேலைக்குப் போவது அவளுக்குப் புதிதல்ல. ஆனால் அன்று ஸ்க்ரூ டிரைவரை மேசையில் வைத்த சத்தத்துக்குப் பக்கத்து மேசைப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

முதலில் வந்தது ஒரு பெரியவரும் அவர் மகனும். மெஷின் நாள் முழுக்க விசில் அடிக்கிறது, கெட்டுப்போன சரக்கைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று மகன் எகிறினான். அவள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். காதுக்குள் செருகும் அச்சு தளர்ந்திருந்தது. பெரியவர் இளைத்துவிட்டார். காதும் கொஞ்சம் இளைத்திருக்கிறது.

விளக்குவது அவளுக்குப் பிடித்த வேலை. எரிச்சலிலும் அது மாறவில்லை. மெஷினின் ஒரு முனையில் மைக், மறுமுனையில் ஸ்பீக்கர். மைக் வாங்குகிற சத்தத்தை ஸ்பீக்கர் பெருக்கிக் காதுக்குள் அனுப்பும். அச்சு தளர்ந்தால் அந்தச் சத்தம் ஓரத்தில் கசிந்து மறுபடி மைக்குக்குள் போகும். மைக்குக்கு அது வெளிச் சத்தமா, தான் போட்ட சத்தமா என்று தெரியாது. வாங்கியதை மறுபடி பெருக்கும். பெருக்கியது மறுபடி கசியும். இப்படிச் சுற்றிச் சுற்றி ஒரு நொடியில் வீல் என்று ஆகிவிடும்.

"அப்ப கெட்டுப்போகலையா?" என்றான் மகன், சுருதி குறைந்து.

"இல்லைங்க. நாம கொடுத்த வேலையை அது ஒழுங்காத்தான் செய்யுது. ஓட்டை நம்ம பக்கம்."

புது அச்சுக்கு அளவெடுத்து அனுப்பினாள். மதியம் கடையை விட்டு இறங்கியபோது, கணவரும் மைனாவும் வண்டியில் காத்திருந்தார்கள். ஆலோசகரிடம் போக வேண்டிய நேரம். வழி முழுக்க மைனா மட்டும் பேசிக்கொண்டு வந்தாள்.

*

ஆலோசகரின் இடத்தில் இரண்டு அறைகள். ஒன்றில் விளையாட்டுச் சாமான்களும் பளிச்சென்ற விளக்குகளும். அடுத்தது இருட்டு. நடுவில் ஒரு கண்ணாடி. வெளிச்சமுள்ள பக்கத்திலிருந்து பார்த்தால் முகம் பார்க்கும் கண்ணாடி, இருட்டுப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஜன்னல். அப்பாவோ அம்மாவோ குழந்தையோடு விளையாட வேண்டும். காதில் ஒரு சின்னக் கருவி இருக்கும். ஆலோசகர் இருட்டறையில் உட்கார்ந்து, "இப்ப பாராட்டுங்க", "இதைக் கண்டுக்காதீங்க", "பக்கத்துல போய்த் தோள்ல கை வைங்க" என்று காதில் மெல்லச் சொல்வார். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பது மாதிரிதான் என்று கணவர் முதல் நாள் ஜோக் அடித்திருந்தார்.

இதுவரை உள்ளே போனது அம்மாதான். இன்று அப்பாவின் முறை. அவள் ஆலோசகர் பக்கத்தில் இருட்டில் உட்கார்ந்தாள்.

தொடக்கம் நன்றாக இருந்தது. கட்டைகளை அடுக்கிக் கோபுரம் கட்டினார்கள். அப்பா காதில் விழுந்ததை அழகாகச் சொன்னார். மைனா சிரித்தாள், பேசினாள், அப்பாவின் மீசையைப் பற்றிக் கேலி செய்தாள். பார்க்கிற யாருக்கும் அவளைப் பிடித்துப்போகும்.

கோபுரம் முடிந்தது. கட்டைகளை எடுத்து மரப்பெட்டியில் போடும் நேரம். அப்பா பெட்டிக்குள் கையை விட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். மைனா கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு மூடியைப் பிடித்து, இரண்டு கையாலும் ஓங்கி மூடினாள்.

அப்பா அலறிவிட்டார்.

மைனாவின் முகத்தில் கோபம் இல்லை. திகைப்பும் இல்லை. உடனே மூடியைத் திறந்து, அவர் விரல்களைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"அச்சச்சோ. வலிக்குதாப்பா? அழாதப்பா. மைனா ஊதிவிடறேன்." மூன்று முறை ஊதினாள். தடவினாள். பிறகு உள்ளங்கையை நீட்டினாள். "ரெண்டு ஸ்டார்."



மைனாவின் அம்மாவுக்குக் காலையிலிருந்து இருந்த கோபம் ஒரு கணம் நின்றே போயிற்று. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. உருண்டையின் கையில் இரண்டு விரல் அச்சு. முந்தாநாள் காதோரத்தில் கீறல். அதற்கு முன்னால் தொடையில். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓடிவந்த அந்தக் கொஞ்சல். கசிந்தது உள்ளே போகிறது, பெருகுகிறது, மறுபடி கசிகிறது.

ஆலோசகர் அவள் பக்கம் திரும்பினார். "சமாதானப்படுத்தினா ஸ்டார்னு நான் சொல்லவே இல்லையே. யாரு போட்ட விதி?"

அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த கணவரைக் காட்டினாள்.

அப்பாவை அழைத்துக் கேட்டபோது, வீங்கிய விரலைப் பிடித்தபடி அவர் ஒப்புக்கொண்டார். ஒருநாள் உருண்டை தானாக விழுந்து அழுதான். மைனா போய்த் தட்டிக் கொடுத்தாள். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சும்மா விளையாடினால் ஒரு நட்சத்திரம், அழுகிறவனைத் தேற்றினால் இரண்டு என்று அன்றைக்கே அறிவித்துவிட்டார். கற்றுக்கொள்கிறவர்களைத் தாராளமாகப் பாராட்டினால் சீக்கிரம் கை வரும் என்பது அவர் தொழில் அனுபவம்.

ஆலோசகர் கடிந்துகொள்ளவில்லை. மைனா ஏமாற்றவில்லை என்றார். அவள் விதியை நம் எல்லாரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறாள். தேற்றினால் பரிசு. தேற்ற வேண்டுமென்றால் யாராவது அழ வேண்டும். தானாக அழும்வரை காத்திருப்பானேன்? மற்றக் குழந்தைகளை இந்த இடத்தில் தடுத்து நிறுத்துவது, எதிரில் இருக்கிறவன் வலி தனக்கும் கொஞ்சம் வலிப்பதுதான். மைனாவுக்கு அந்தத் தடுப்பு இன்னும் பலவீனம். அதை வளர்க்க நாளாகும், நிறையப் பாசமும் வேண்டும். அதுவரை சின்னக் குழந்தையை அவளோடு ஒரு நொடிகூடத் தனியாக விடக்கூடாது. தேற்றுவதற்கு இனி ஸ்டிக்கர் கிடையாது. மெதுவாகத் தொடுவதைப் பெரியவர்கள் யாராவது பார்த்தால், அதற்கு மட்டும்.

*

வண்டியில் ஏறியதும் கணவர் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார். தங்கையிடம் இதைச் சொல்ல வேண்டாம். விதியை மாற்றிவிட்டால் தானாகச் சரியாகிவிடும். சொன்னால் ஹாஸ்டலைத் தவிர வேறு வழியில்லாமல் போய்விடும். உனக்குத்தானே அவளை அனுப்ப மனசில்லை, உனக்காகத்தான் சொல்கிறேன் என்றார்.

கடைசி வாக்கியம்தான் அவளை வெடிக்க வைத்தது. ஆனால் பின் இருக்கையில் மைனா இருந்தாள். பற்களைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"காலையில அவ கேட்டா. ரெண்டு விரல் அச்சுன்னு காட்டினா. நான் அவளைப் பொய்க்காரின்னு சொன்னேன். இப்ப வாயை மூடிக்கிட்டா, அடுத்த தடவை அந்தக் குழந்தையைக் கிள்ளறது மைனா இல்ல, நான்."

"அவ நம்ம பொண்ணுடி."

"அவன் யாரு? தெருவுல போறவனா?"

சொன்னால் மகள் கையை விட்டுப் போய்விடலாம் என்பது அவளுக்கும் தெரிந்தேயிருந்தது. அது தெரிந்ததால்தான் கணவர் மேல் இத்தனை ஆத்திரம். அவளுக்குள்ளேயும் ஒரு மூலையில் சொல்லாமல் விட்டால் என்ன என்று ஓடிக்கொண்டிருந்ததை, அவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

*

நாத்தனார் மகனை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் காத்திருந்தாள். பை காலையில் வைத்த இடத்திலேயே இருந்தது.

மைனாவின் அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். நட்சத்திரம் இரண்டானது, பெட்டி மூடியது, நீட்டிய உள்ளங்கை. காலையில் நீ சொன்னது சரி, நான் பேசியது தப்பு என்றாள். நடுவில் கணவர் ஏதோ சொல்ல வந்தபோது கையை உயர்த்தித் தடுத்தாள்.

நாத்தனார் மகனின் சட்டையைக் கழற்றினாள். கை, தொடை, முதுகு என்று ஒவ்வொரு இடமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவன் கூச்சத்தில் சிரித்தான். பிறகு மைனாவைப் பார்த்தாள்.

"ஏண்டி கிள்ளின?"

"அவன் அழுதாத்தானே அத்தை ஸ்டார் கிடைக்கும்?"

"அவனுக்கு வலிக்கும்னு தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் அழறான்."

நாத்தனார் அடிக்கக் கையை ஓங்கிவிட்டாள். மைனா இமைகூடக் கொட்டாமல் அந்தக் கையைப் பார்த்தாள். ஓங்கிய கை அந்தரத்தில் நின்று, மெல்ல இறங்கியது. அந்தக் கை அண்ணன் பக்கம்தான் திரும்பியது.

"ரூல் போட்டவன் நீ. அறைஞ்சா உன்னைத்தான் அறையணும்."

அவர் தலை குனிந்து வீங்கிய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக் காலையில் முதல் வேலையாக ஹாஸ்டலுக்கு அழைத்துப் போய்விடுகிறேன் என்றார். தங்கை உடனே தலையாட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஆட்டவில்லை.

"இவ எதுக்கு அங்க வர்றான்னு அவங்ககிட்ட என்ன சொன்ன?"

"கொஞ்சம் குறும்புன்னு..."

"அங்க சின்னப் பசங்க இருக்காங்களா?"

"இருப்பாங்க."

"ஒரே ரூம்ல எத்தனை பேர் படுப்பாங்க? யார் பாத்துப்பாங்க?"

அவருக்குத் தெரியவில்லை. கேட்கவில்லை.

நாத்தனாருக்கு முகம் சிவந்தது. இத்தனை நாளாக மைனா இந்த வீட்டை விட்டுப் போனால் போதும் என்று இருந்தவள் அவள். எங்கே போவாள், அங்கே யார் இருப்பார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"அங்க இருக்கறதும் யாரோ பெத்த பிள்ளைங்கதானே? இங்கயாவது நமக்குத் தெரியும். அங்க கிள்ளு வாங்கறது யாருன்னே தெரியாது. போன் போட்டு வரலைன்னு சொல்லு."

அவர் தயங்கினார். மைனாவின் அம்மா அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, எண்ணை அழுத்தி, அவர் கையிலேயே திணித்தாள். மறுமுனையில் யாரோ பேசினார்கள். நாளை வரவில்லை என்றார் அவர். ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். மனைவியைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். "நான் உங்ககிட்ட முழுசா சொல்லலைங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

நன்றி சொல்ல வந்த அண்ணியை நாத்தனார் வெட்டினாள்.

"எனக்கு இன்னும் ஆறல அண்ணி. பையைப் பிரிக்க மாட்டேன். அது அங்கயே இருக்கட்டும். என் பையன் மேல இன்னொரு கன்னிப்போன இடத்தைப் பாத்தேன், அந்த நிமிஷமே எடுத்துக்கிட்டுப் போயிடுவேன்."

"சரி."

"நைட்டு எங்க ரூம் தாழ்ப்பாள் போட்டுத்தான் இருக்கும்."

"போட்டுக்க."

மைனா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்றிருந்தாள். பெரியவர்கள் ஓய்ந்ததும் அருகில் வந்தாள்.

"அப்ப புது ரூல் என்னம்மா?"

அவள் அம்மா சொன்னாள். தேற்றுவதற்கு ஸ்டிக்கர் கிடையாது. உருண்டையை மெதுவாகத் தொடுவதைப் பெரியவர்கள் யாராவது பார்த்தால் ஒன்று. மைனா தலையைச் சாய்த்துக் கேட்டாள். ரிமோட்டில் பேட்டரியை எந்தப் பக்கமாகப் போட வேண்டும் என்று கேட்கும்போது வருமே, அதே கவனம்.

"யாரும் பாக்கலைன்னா?"

"அப்பவும் மெதுவாத்தான் தொடணும்."

"ஏன்?"

அதில் திமிர் இல்லை. அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று காத்திருந்தாள்.

கணவர் மனைவியைப் பார்த்தார். நாத்தனாரும் அண்ணியைப் பார்த்தாள். பெற்றவள்தானே, பதில் அவளிடம்தான் இருக்க வேண்டும் என்பது போல. காலையிலிருந்து அடக்கியது எல்லாம் மறுபடி மைனாவின் அம்மாவுக்கு உச்சந்தலைக்கு ஏறியது. ஒரு நாற்காலியை இழுத்து நாத்தனார் முன்னால் போட்டாள். இன்னொன்றைக் கணவர் பக்கம் தள்ளினாள்.

"என் மூஞ்சியையே ஏன் பாக்கறீங்க? உக்காருங்க ரெண்டு பேரும். கேள்வி கேட்டுட்டு நிக்கறா. நாம மூணு பேருமாச் சேந்து இவளுக்குப் பதில் சொல்லணும்."

மைனா தானும் ஒரு நாற்காலியைத் தேடிப் பார்த்தாள். கிடைக்காததால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டு, மூவரையும் நிமிர்ந்து பார்த்தாள்.